நாற்பது விநாடிக் கடல்

மயிலாப்பூர் சித்தி போன மாதம் போன் பண்ணினாள். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். டி.வி. பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். “சீரியலெல்லாம் அப்புறம் பார்த்துக்கறேன். இவன் அந்தக் காலத்துல ராத்திரி ராத்திரியா என்னமோ பண்ணிண்டிருந்தானே, அதை ஒரு தடவை காட்டச் சொல்லு. கேட்டா மழுப்பறான்” என்றாள்.

‘இவன்’ என்பது என் சித்தி பையன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். 2004-ல் பி.காம். முடித்த கையோடு சி.ஏ. எழுதுவான் என்று சித்தப்பா காத்திருக்க, தி.நகரில் ஜி.என்.செட்டி ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு மாடியில் இயங்கிய அனிமேஷன் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். சென்னையின் பென்டாமீடியா 2000-ல் சிந்துபாத் கதையை முழுக்க மோஷன் கேப்சரில் படமாக எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய சூடு ஆறாத நேரம். தெருவுக்குத் தெரு அனிமேஷன் வகுப்பு போர்டு தொங்கியது. இவன் கம்பெனிக்கு வந்த வேலை, வெளிநாட்டு கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு நடுநடுவே வரும் குட்டிப் படங்கள். இவனுக்கு ஒதுக்கப்பட்டது தண்ணீர். ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறது. கப்பலை வேறு யாரோ செய்தார்கள், துறைமுகத்தை இன்னொருவர். கடல் மட்டும் இவன். நாலு மாதம் ராத்திரி ஷிஃப்டில் அலை போட்டான்.

சித்தப்பா வங்கி அதிகாரி. பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால், “ஆபீஸ்ல கேம்ஸ் ஆடறான், சம்பளமும் குடுக்கறா” என்பார். கூடவே என்னைக் காட்டி, “இவனும் பி.காம்.தான், உருப்படியா இருக்கான்” என்பார். பத்திரிகைக்காரனை உருப்பட்டவன் லிஸ்ட்டில் சேர்த்த ஒரே வங்கி அதிகாரி அவராகத்தான் இருக்கும். 2011-ல் காலமானார். கடைசி வரை அந்தக் கடலை அவர் பார்க்கவில்லை. விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் பையன் பெயர் கிடையாது. நடுவில் வேலையை வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரோடு சரி.

“காட்டறதுக்கு என்ன?” என்று அவனைக் கேட்டேன். “ஃபைல் திறக்காது அண்ணா” என்றான். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் போனதில் ஒரு வாரம் கழிந்தது. இந்த வார விமர்சனம் அதைப் பற்றித்தான்.

இந்திரா நகரில் அவன் ஃப்ளாட் பரணிலிருந்து சி.டி.யை எடுத்தோம். நியாயமாகக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். முதல் பிரச்னை, லேப்டாப்பில் சி.டி. போட ஓட்டை இல்லை. ரிச்சி தெருவுக்குப் போய் யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிரைவ் ஒன்று வாங்கி வந்தோம். இரண்டாவது பிரச்னை, விளையாட்டு ஓடவில்லை. அந்தக் காலத்தில் காப்பியடிப்பதைத் தடுக்க ‘சேஃப்டிஸ்க்’ என்றொரு பூட்டுப் போட்டு சி.டி. விற்றார்கள். அந்தப் பூட்டு வேலை செய்ய விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் ஃபைல் வேண்டும். பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் வந்த விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. விளைவு, திருட்டு சி.டி. வாங்கினவன் பூட்டே இல்லாமல் விளையாடுகிறான். ஒரிஜினல் வாங்கினவன் வாசலில் நிற்கிறான்.

ஆனால் சி.டி.யைத் திறந்து உள்ளே பார்க்கலாம். ‘மூவீஸ்’ என்று ஒரு ஃபோல்டர். அதில் கப்பல் என்று பெயர் போட்ட ஃபைல், 12 எம்.பி. பின்னால் வால் மாதிரி ‘.பி.ஐ.கே’. இரண்டு தரம் தட்டினால், ‘இதை எதைக் கொண்டு திறப்பது?’ என்று விண்டோஸ் நம்மையே கேட்கிறது.

இந்த பி.ஐ.கே. என்பது ‘பிங்க்’. அமெரிக்காவின் ராட் கேம் டூல்ஸ் 1999-ல் கொண்டுவந்த வீடியோ வடிவம். அதற்கு முன் 1994-லேயே ‘ஸ்மாக்கர்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். அது 256 நிறம் மட்டுமே காட்டிய காலத்துச் சரக்கு. ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டின் படங்களெல்லாம் அதில்தான். பிறகு வந்த ‘டயப்லோ 2’ பிங்க்குக்கு மாறியது. உங்கள் பையனோ பெண்ணோ 2000-களில் கம்ப்யூட்டரில் விளையாடியிருந்தால், ஆரம்பத்தில் பிங்க் முத்திரை ஒன்று திரையில் வந்து போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்கென்று ஏன் தனி வடிவம்? காமர்ஸ்காரன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி. மொத்தம் 3,07,200. ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று பைட் என்றால் ஒரு சட்டகத்துக்கு 9,21,600 பைட். விநாடிக்கு 25 சட்டகம், நாற்பது விநாடி. மொத்தம் 92 கோடியே 16 லட்சம் பைட். ஒரு சி.டி.யின் கொள்ளளவே சுமார் 73 கோடிதான். அதாவது என் தம்பியின் கடலை அப்படியே ஊற்றினால் ஒரு சி.டி.யே வழிந்துவிடும். அதை 12 எம்.பி.க்குள், ஏறத்தாழ 77-ல் ஒரு பங்காக அடக்கியிருக்கிறது பிங்க். படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டும். முந்தைய சட்டகத்திலிருந்து மாறாத கட்டத்தைத் திரும்ப எழுதாமல் ‘அதேதான்’ என்று குறித்துக்கொள்ளும். மாறிய கட்டத்துக்கு, அதற்கு எந்த முறை சிக்கனமோ அந்த முறை. மளிகைக் கணக்கில் மேலே எழுதியதையே கீழேயும் எழுதாமல் ‘மேற்படி’ என்று போடுவோமே, அந்தச் சூட்சுமம்.

இன்னொரு காரணம் நடைமுறை. அன்றைய விண்டோஸில் எந்த வீடியோவும் ஓட அதற்கான ‘கோடெக்’ அந்த மெஷினில் இருக்க வேண்டும். இவர் மெஷினில் ஓடும், அவர் மெஷினில் கறுப்பாகத் தெரியும். விளையாட்டு விற்பவர் லட்சம் வீடுகளுக்குப் போன் பண்ணி கோடெக் போடச் சொல்ல முடியுமா? பிங்க் விளையாட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கியவர் எதையும் நிறுவ வேண்டாம். விளையாட்டுக் கம்பெனி உரிமக் கட்டணம் கட்டிவிட்டால் போதும். தொழில் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத சரக்கு. வரவுப் பக்கத்தில் தாராளமாக எழுதலாம்.

பற்றுப் பக்கத்துக்கு வருவோம். இந்த வடிவத்தின் இலக்கணத்தைக் கம்பெனி வெளியிடவில்லை. அந்த ஃபைலில் எந்த பைட்டுக்கு என்ன அர்த்தம் என்பது விற்றவருக்கு மட்டுமே தெரியும். விளையாட்டு ஓடுகிற வரை யாருக்கும் கவலையில்லை. ஓடாமல் போன நாளில்தான் உள்ளே இருக்கும் படம் நம்முடையதில்லை என்பது தெரிகிறது. எந்தச் சொத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லித்தான் எங்களுக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள். மூடிய வடிவத்துக்கும் தேய்மானம் உண்டு. எந்தப் பேரேட்டிலும் அதை எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராட் கம்பெனி, ‘ராட் வீடியோ டூல்ஸ்’ என்று ஒரு மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. ஸ்மாக்கர், பிங்க் இரண்டையும் ஓட்டும், ஏ.வி.ஐ.யாக மாற்றியும் தரும். 2021 ஜனவரியில் எபிக் கேம்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது. கம்பெனி கை மாறலாம், இலவசம் நிற்கலாம். அது அவர்கள் இஷ்டம். தயவில் கிடைப்பதற்கும் உரிமையில் கிடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் குறை என்கிறேன்.

மற்றவர்கள் இந்தத் தயவும் காட்டவில்லை. வெஸ்ட்வுட்டின் ‘கமாண்ட் அண்ட் காங்க்கர்’ 1995-ல் வி.க்யூ.ஏ. என்று தனி வடிவம் வைத்திருந்தது. 1999-ல் வந்த ‘க்வேக் 3’-க்கு ஆர்.ஓ.க்யூ. என்று இன்னொன்று. ‘வைஸ் சிட்டி’ ஞாபகம் இருக்கிறதா? தி.நகர், அடையாறு பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஒரு தலைமுறையே ஆடிய விளையாட்டு. அதில் காரில் ஏறினால் ரேடியோ பாடும். அந்தப் பாட்டு ஃபைல்கள் ஏ.டி.எஃப். என்ற புரியாத வாலோடு இருந்தன. பிரித்துப் பார்த்தால் சாதாரண எம்.பி.3. ஒவ்வொரு பைட்டையும் 34 என்ற ஒரே எண்ணோடு ‘எக்ஸார்’ செய்து முகமூடி போட்டிருந்தார்கள். அதே எண்ணோடு இன்னொரு தரம் செய்தால் முகமூடி கழன்றுவிடும். நம் பையன்களில் பலர் கல்லூரி சேரும் முன்பே ‘எக்ஸார்’ கற்றது இப்படித்தான். ஆனால் அதே ‘வைஸ் சிட்டி’யில் கதை நடக்கும் காட்சிகளுக்கு வீடியோ ஃபைலைத் தேடினால் கிடைக்காது. ஆரம்ப முத்திரையும் டைட்டிலும் மட்டுமே ஃபைல். மற்றதெல்லாம் விளையாட்டே அந்தந்த நிமிஷம் வரைந்து காட்டுவது. ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். திரையைப் பதிவு பண்ணினால்தான் உண்டு.

மூடிய வடிவங்களைத் திறந்தவர்கள் யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்ற இலவச மென்பொருளில், உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து ஆளுக்கொரு வடிவத்தைச் சேர்த்தார்கள். மைக் மெலன்சன் என்பவர் வி.க்யூ.ஏ., ஆர்.ஓ.க்யூ. போன்ற பழைய விளையாட்டு வடிவங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கோஸ்ட்யா ஷிஷ்கோவ் ஸ்மாக்கரைத் திறந்தார். 2010-ல் பிங்க்கும் வந்து சேர்ந்தது. எந்த இலக்கணப் புத்தகமும் இல்லாமல், ஓடுகிற நிரலைப் பார்த்துப் பார்த்து மொழியைக் கண்டுபிடித்தார்கள். அகராதி இல்லாத ஊரில் சந்தைக்குப் போய், விலை கேட்பவர் வாயைப் பார்த்தே பாஷை கற்பது மாதிரி.

இது திருட்டில்லையா என்று கேட்பீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நம் நாட்டின் 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவில், நியாயமாகக் கையில் இருக்கும் ஒரு புரோகிராமை வேறு புரோகிராமோடு ஒத்துழைக்க வைக்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காவிட்டால், அதைக் கண்டுபிடிக்கும் செயல் உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் விலக்கு உண்டு. அதில் ஒரு வேடிக்கை: இன்னொருவருக்குப் பூட்டை உடைத்துக் கொடுப்பவர், அந்த இன்னொருவரின் பெயர், விலாசம், காரணம் எல்லாம் எழுதி ரெஜிஸ்டர் வைத்திருக்க வேண்டுமாம். ரிச்சி தெருவில் அப்படியொரு ரெஜிஸ்டரை யாராவது பார்த்தால் எனக்குத் தெரியப்படுத்தவும்.

எப்படியும் பிங்க் ஃபைலில் பூட்டு எதுவும் இல்லை. பூட்டு வேறு, பாஷை வேறு. பூட்டு என்றால் ‘நீ பார்க்கக் கூடாது’. மூடிய வடிவம் என்றால் ‘நீ பார்க்கலாம், ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்’. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயம் தருகிறது. அதில் யாரும் குற்றவாளி இல்லை. ஆனாலும் படம் போய்விடுகிறது.

திறந்த கருவி இருந்தாலும் அதை எட்ட விட வேண்டுமே. நம்மில் பலர் எந்த வீடியோவையும் பார்க்கத் தேடுவது ஆரஞ்சு நிறக் கூம்பு போட்ட வி.எல்.சி. பாரிஸில் மாணவர்கள் ஆரம்பித்தது. உள்ளே உழைப்பதில் பெரும் பங்கு எஃப்.எஃப்.எம்பெக்கின் நூலகங்கள். அதை வெளியிடும் வீடியோலேன் இணையதளம் 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் திறக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லை. காரணம் சொல்லவில்லை. இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு வீடியோலேன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, நவம்பரில் தடை நீங்கியது. அந்த ஒன்பது மாதம் நல்ல தளத்துக்குப் போக முடியாதவர்கள் எங்கே போயிருப்பார்கள்? ‘இலவச கன்வெர்ட்டர்’ என்று வைரஸை விற்கும் தளங்களுக்குத்தான். ஒரு நல்ல கடையை மூடினால் தெருவில் மிச்சமிருப்பது போலிக் கடைதான்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்ன பெரிய இலக்கியமா என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். இதே கதை நம் தமிழில் நடக்கவில்லையா? 1990-களில் கம்பெனிக்கொரு ஃபான்ட், பத்திரிகைக்கொரு ஃபான்ட். நான் முதல் ஐந்து வருஷம் எழுதியதெல்லாம் அப்படி ஒரு ஃபான்டில் இருக்கிறது. இன்று திறந்தால் கோழி கிளறின மாதிரி குறியீடுகள். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு போட்டுத் தரம் பேசினோம். அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஆயிற்று. இடையில் நம்மைக் காப்பாற்றியது ஆர்வலர்கள் இலவசமாகச் செய்துகொடுத்த ஃபான்ட் மாற்றிகள். சரியாக அதே வேலைதான் எஃப்.எஃப்.எம்பெக் படத்துக்குச் செய்கிறது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர், சைன்போர்டு எழுதிய கலைஞர், சேர்த்துவைத்த புத்தகங்களும் நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் அதற்கு அடித்தளம். நூறு வருஷத்து நாடக நோட்டீஸை அங்கே கையில் எடுத்தால் படிக்கலாம். காகிதம் நொறுங்கும், எழுத்து மங்கும். ஆனால் தமிழ் தெரிந்தால் போதும், அச்சடித்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருபது வருஷத்து சி.டி. புத்தம் புதிதாய்ப் பளபளக்கிறது, படிக்க முடியவில்லை. சென்னையின் மாடிகளில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அலை, புகை, தலைமுடி, துணி மடிப்பு என்று வரைந்தவர்களின் வேலை எத்தனை விளையாட்டுகளில், எத்தனை வால்களோடு சிதறிக் கிடக்கிறதோ! பெயர்ப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த ஃபைல்தான் ஒரே சாட்சி. அதையும் திறக்க முடியாவிட்டால், அவர்கள் அங்கே இருந்ததே இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. கருவி என்ற முறையில் பிங்க் நல்ல கருவி. விற்றவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டை விற்பதை நிறுத்தும் நாளில் அதன் படங்களைத் திறந்த வடிவத்தில் வெளியிடுவது ஒரு மரபாக வேண்டும். முடியாதது இல்லை. க்வேக் 3-ன் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 2005-ல் பொதுவில் வைத்தது. கமாண்ட் அண்ட் காங்க்கரின் மூல நிரலை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2020-ல் வெளியிட்டது. யாரும் திவாலாகவில்லை.

நீங்களும் பரணில் தேடப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம். முதலில் சி.டி. முழுவதையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள், மாற்றுவதெல்லாம் அப்புறம். இரண்டு, மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் கொஞ்சம் தேயும். நாளைக்கு இதைவிட நல்ல மாற்றி வரலாம். மூன்று, ஒரு பிங்க் ஃபைலுக்குள் பல ஒலித் தடங்கள் இருக்கலாம். இசை ஒன்றில், பேச்சு இன்னொன்றில், மொழிக்கு ஒன்று என்று. நாங்கள் முதல் தரம் மாற்றியபோது கப்பல் வந்தது, இசை வந்தது, அலைச் சத்தம் வரவில்லை. தம்பி முகம் செத்துவிட்டது. இரண்டாவது தடத்தைச் சேர்த்து மறுபடி மாற்றியதும் கடல் இரைந்தது.

பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் போனோம். சித்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். நாற்பது விநாடி. முடிந்தது.

“இதுல நீ எது?”

“தண்ணி மட்டும்தாம்மா.”

“மறுபடி போடு.”

மூன்றாவது தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்த அலை பெசன்ட் நகர்ல வர்ற மாதிரின்னா இருக்கு.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா எலியட்ஸ் பீச்சுக்குப் போயிடுவேம்மா. விடியற வரைக்கும் அலை எப்படி மடங்கறதுன்னு பார்த்துட்டுதான் வீட்டுக்கு வருவேன்” என்றான்.

“அதான் தினம் லேட்டா வந்தியா? அப்பா வேற என்னமோ நெனச்சிண்டிருந்தார்” என்றாள் சித்தி. சுவரில் மாலை போட்ட படத்தை ஒரு தரம் பார்த்தாள். “இன்னொரு தடவை போடு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை.”